முதல் வரிக்காக எரிந்த ஊர்: ஐஸு பயணக் குறிப்புகள்

திங்கள் – கோரியாமாவிலிருந்து மேற்கே

தோற்ற சாமுராய்களின் ஊர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று தம்பியிடம் போன வருஷமே சொல்லி வைத்திருந்தேன். டோக்கியோவில் வேலை பார்க்கும் அவனுக்கு ஜப்பானிய மொழி நன்றாக வரும். "அப்ப ஐஸுதான் அக்கா" என்றான், யோசிக்கவே இல்லை.

டோக்கியோவிலிருந்து கோரியாமா வரை ஷின்கான்சென். அங்கே மாறி ஒரு சின்ன ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஐஸு வகமாட்சு வந்துவிடுகிறது. வலப்பக்கம் வெகுநேரம் கூடவே வருகிறது பண்டாய் மலை, 1,816 மீட்டர் உயரம். அதைத் தாண்டியதும் நாலாபுறமும் மலை சூழ்ந்த நெல் சமவெளி. அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. வீட்டுக்கு வீடு பெர்சிமன் மரம், இலை உதிர்ந்து பழம் மட்டும் தொங்கிற்று.

இந்த நெல்லைச் சொல்லாமல் சாமுராயைச் சொல்ல முடியாது. எடோ காலத்து (1603–1868) ஜப்பானில் ஒரு டைம்யோவின், அதாவது பிரபுவின், தகுதியை 'கொகு' கணக்கில் அளந்தார்கள். ஒரு கொகு சுமார் 150 கிலோ அரிசி, ஓர் ஆள் ஒரு வருஷம் உண்ணும் அளவு. சாமுராய்க்குச் சம்பளமும் அரிசியாகத்தான் அளக்கப்பட்டது. வாள் பிடித்த கை ஒருநாளும் கலப்பை பிடிக்காது. கலப்பை பிடித்தவன் வாள் வைத்துக்கொள்ளக் கூடாது. மக்கள் தொகையில் நூற்றுக்கு ஆறேழு பேராக இருந்த போர்வீரர் குடும்பங்கள், இந்தச் சமவெளிகளின் விளைச்சலில் இரண்டரை நூற்றாண்டு உட்கார்ந்து சாப்பிட்டன.

1643-இல் 2,30,000 கொகுவுக்கு உரிய பிரபுவாக இங்கே வந்தவர் ஹோஷினா மசயுகி. இரண்டாம் தொகுகாவா ஷோகுனுக்கு, அதாவது பேரரசர் பெயரில் நாட்டை உண்மையில் ஆண்ட படைத்தலைவருக்கு, மறைவாகப் பிறந்த பிள்ளை. மூன்றாம் ஷோகுன் இவருடைய அண்ணன் முறை. தம்பி என்று தெரிந்ததும் கைதூக்கி விட்டார். அந்த நன்றியை மசயுகி கடைசிவரை மறக்கவில்லை. 1668-இல் தன் வம்சத்துக்கு 15 விதிகள் எழுதி வைத்தார். முதல் விதியின் சாரம் இது: ஷோகுனுக்கு ஒரே மனதாக ஊழியம் செய்; மற்ற பிரபுக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்காதே; என் வழியில் வருகிறவன் இரண்டு மனம் வைத்தால் அவன் என் பிள்ளை இல்லை, அவனை யாரும் பின்பற்ற வேண்டாம்.

சரியாக 200 வருஷம் கழித்து, 1868-இல், இந்த ஊர் எரிந்தது. அந்த முதல் வரிக்கும் அந்த நெருப்புக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

செவ்வாய் – சிவப்பு ஓட்டுக் கோட்டை

சுருகா கோட்டையின் கோபுரம் ஐந்து அடுக்கு, வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு. ஜப்பானில் கோட்டைக் கோபுரம் என்றால் கருஞ்சாம்பல் ஓடுதான். சிவப்பு இங்கே மட்டும். சாதாரண ஓடு தண்ணீரை உறிஞ்சும், ஐஸு குளிரில் அது உறைந்து ஓட்டைப் பிளக்கும். அதனால் இரும்புச்சத்துள்ள பூச்சு பூசிச் சுட்டார்கள், நிறம் சிவந்தது. இப்போது நிற்பது 1965-இல் கான்கிரீட்டில் எழுப்பியது; பழைய சிவப்பு ஓட்டை 2011-இல் திரும்பப் போட்டார்கள். அஸ்திவாரக் கற்சுவர் மட்டும் பழசு. கோபுரத்தைவிட அந்தக் கல்லைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

1862-இல் கியோட்டோ கொலைகளால் நடுங்கிக்கொண்டிருந்தது. மேற்கத்தியக் கப்பல்கள் வந்து கதவைத் தட்டிய பிறகு, ஷோகுன் ஆட்சியைக் கவிழ்த்துப் பேரரசரை முன்னிறுத்த விரும்பியவர்கள் தெருவில் வாளோடு திரிந்தார்கள். அங்கே காவல் பொறுப்பை ஏற்க ஷோகுன் அரசு அழைத்தது ஐஸுவின் ஒன்பதாவது பிரபு மட்சுடைரா கதமோரியை. வயது 26. வேறொரு குடும்பத்திலிருந்து தத்து வந்தவர். மூத்த அமைச்சர் சைகோ தனோமோ, விறகைச் சுமந்துகொண்டு தீயணைக்கப் போவதற்குச் சமம் இது, வேண்டாம் என்று மன்றாடினார். கதமோரியும் முதலில் மறுத்தார். அப்போதுதான் அழைத்த ஷோகுன் தரப்பு அந்த முதல் விதியை எடுத்து முன்னால் வைத்தது. தத்துப் பிள்ளைக்கு அதைவிடக் கூர்மையான ஆயுதம் இல்லை. சொந்த ரத்தம் என்றால்கூட மீறியிருக்கலாம். தத்து வந்தவர் மீறினால் "என் பிள்ளை இல்லை" என்ற சொல் அப்படியே பலித்துவிடும். சுமார் 1,000 வீரர்களோடு கியோட்டோவுக்குப் போனார்.

அடுத்த ஐந்தாறு வருஷக் கதை எல்லோருக்கும் தெரிந்த ஜப்பானிய வரலாறு, அதனால் வேகமாகக் கடக்கிறேன். கதமோரியை நம்பிய பேரரசர் கோமெய் 1867 ஜனவரியில் இறந்தார். ஷோகுனை எதிர்த்த சட்சுமா, சோஷு என்ற இரண்டு பிரபு நாடுகளும் கைகோத்தன. 1868 ஜனவரியில் கியோட்டோ அருகே நடந்த போரில் ஷோகுன் தரப்பு தோற்றது. ஷோகுன் யோஷினோபு தன் படையை ஒசாகாவில் விட்டுவிட்டு, கதமோரியையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, போனார். பிறகு அடிபணிந்து ஒதுங்கிக்கொண்டார். யாருக்காக இருநூறு வருஷம் ஒரே மனதாக இருந்தார்களோ அவர் விலகிவிட, 'அரச விரோதி' பட்டம் ஐஸுவின் தலையில் விழுந்தது. கதமோரி சமாதானக் கடிதம் அனுப்பினார். வென்றவர்களுக்கு அது போதவில்லை.

கோபுரத்தின் உச்சியிலிருந்து தென்கிழக்கில் ஓடா மலை தெரிகிறது. நடந்தே போகலாம், அவ்வளவு கிட்டத்தில். புதிய அரசுப் படை அங்கே பீரங்கிகளை ஏற்றியது, அவற்றில் ஆம்ஸ்ட்ராங் பீரங்கியும் இருந்தது. ஒரே நாளில் 2,000-க்கும் மேல் குண்டுகள் விழுந்தன. கோட்டைக்குள் சுமார் 5,000 பேர், அதில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. விழுந்த குண்டு வெடிக்கும் முன் ஈர மெத்தையை அதன்மேல் போட்டு அமுக்குவது பெண்களின் வேலை. யமகாவா குடும்பத்து மருமகள் தோசெகோ அப்படித்தான் இறந்தார். அதே குடும்பத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கோட்டைக்குள் வேலை செய்துகொண்டிருந்தாள், சுதேமட்சு. மூன்று வருஷம் கழித்து அவளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார்கள். 1882-இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்று, கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண் ஆனாள். திரும்பி வந்து அவள் மணந்துகொண்டது ஓயாமா இவாவோவை. ஐஸுவைத் தாக்க வந்த சட்சுமாப் பீரங்கிப் படையில் இருந்தவர் அவர். இதைக் கேட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த வீட்டுல கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பேசியிருப்பாங்க அக்கா?" என்றான்.

ஒரு மாதம் தாக்குப்பிடித்து, நவம்பர் 6 அன்று சரணடைந்தார்கள். வெள்ளைத் துணியெல்லாம் காயத்துக்குக் கட்டப் போய்விட்டதால், சரணாகதிக் கொடியைப் பெண்கள் துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். கதமோரி தலைகுனிந்து நின்ற சிவப்புக் கம்பளத்தைப் பிறகு வீரர்கள் சிறு சிறு துண்டாக வெட்டிப் பகிர்ந்து வைத்துக்கொண்டார்கள்.

கோட்டை வளாகத்தில் ஒரு தேநீர்க் குடில் இருக்கிறது, பெயர் ரின்காகு. 1591-இல் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவை அன்றைய ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி வயிறு கிழித்துச் சாகச் சொன்னபோது, அவருடைய மகன் ஷோவானை அன்றைய ஐஸு பிரபு காமோ உஜிசாதோ இங்கே அடைக்கலம் கொடுத்துக் காப்பாற்றினார். அந்தக் குடிலில் பச்சைத் தேநீர் குடித்தோம். இந்த ஊருக்குள் தப்பி வந்து பிழைத்தவர்களும் உண்டு என்று அறிவது நல்லதாக இருந்தது.

புதன் – பள்ளிக்கூடம்

மழை. நிஷின்கானுக்கு மட்டும் போனோம். 1803-இல் தொடங்கிய ஐஸு அரசுப் பள்ளி. 1868-இல் எரிந்து, 1987-இல் வேறு இடத்தில் அதே அமைப்பில் கட்டப்பட்டது. சாமுராய் வீட்டுப் பையன்கள் பத்து வயதில் சேர்வார்கள். கன்பூசிய நூல்கள், கணிதம், வில், வாள், குதிரை, வான நோக்கு மேடை, நீச்சலுக்கென்று ஒரு குளம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது பள்ளிக்கு முந்தைய பருவம். ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை பையன்கள் தெருவாரியாக ஏறக்குறைய பத்துப் பேர் கொண்ட குழுவாகச் சேர்ந்து தினமும் விதி சொல்வார்கள். பெரியவர் சொல்லைத் தட்டக்கூடாது. பெரியவருக்கு வணக்கம் சொல்லாமல் போகக்கூடாது. பொய் கூடாது. கோழைத்தனம் கூடாது. எளியவரை வதைக்கக்கூடாது. வெளியிடத்தில் தின்னக்கூடாது. வெளியிடத்தில் பெண்ணோடு பேசக்கூடாது. முடிவில், "ஆகாதது ஆகாதுதான்" என்று ஒரே குரலில் முடிப்பார்கள். மீறியவனுக்குத் தண்டனையையும் பிள்ளைகளே தீர்மானிப்பார்கள்: மன்னிப்புக் கேட்பது, கையில் அடி, மிகப்பெரிய குற்றமென்றால் குழுவிலிருந்து விலக்கு.

ஏன் என்ற கேள்வி இந்த விதிகளில் எங்கேயும் இல்லை. எளியவரை வதைக்காதே என்பது எவ்வளவு அழகான விதி! அதே மூச்சில், பெரியவர் சொல்லைத் தட்டாதே. ஒன்பது வயதுக்குள் இரண்டும் ஒன்றாகக் கலந்து உடம்பில் ஏறிவிட்டால், பதினாறு வயதில் எது எதை வெல்லும்? நாளை ஈமோரி மலை.

வியாழன் – ஈமோரி மலை

1868-இல் ஐஸு தன் படையை வயதுப்படி நான்காகப் பிரித்து, நான்கு திசைகளின் காவல் தெய்வங்களின் பெயரை வைத்தது. 50-க்கு மேற்பட்டவர் கருப்பு ஆமை, 36 முதல் 49 வரை நீல நாகம், 18 முதல் 35 வரை செம்பறவை, 16, 17 வயதுப் பையன்கள் வெண்புலி. வெண்புலிப் படைதான் பியாக்கோடாய். கையிருப்புப் படையாகக் கோட்டையில் வைத்திருக்கவே நினைத்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் எதிரி எதிர்பாராத கணவாய் வழியாக நுழைந்தபோது முன்னணிக்கு அனுப்ப வேறு ஆள் இல்லை.

பையன்கள் ராத்திரி முழுக்க மழையில், சோறில்லாமல் நின்றார்கள். தலைவர் உணவு தேடிப் போனவர் திரும்பவில்லை. விடிந்ததும் சண்டை, சிதறல். ஒரு கூட்டம், இனவாஷிரோ ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் சுரங்கத்துக்குள் இறங்கி, சுமார் 150 மீட்டர் தண்ணீரில் நடந்து இந்த மலைச்சரிவில் வெளிவந்தது. அந்த வாய் இன்றும் திறந்திருக்கிறது. நீர் வேகமாக, கண்ணாடித் தெளிவாக ஓடுகிறது. கையை விட்டேன். அக்டோபர் கடைசித் தண்ணீர் எலும்பைத் தொட்டது.

அங்கிருந்து மேலே ஏறி, சுமார் 3 கிலோமீட்டருக்கு அப்பால் கோட்டையைப் பார்த்தார்கள். ஊர் எரிந்துகொண்டிருந்தது, கோபுரம் புகையில் மறைந்திருந்தது. 20 பேர் தங்களைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். கோட்டை வீழ்ந்தது என்று தவறாக எண்ணிச் செத்தார்கள் என்பது பாடப்புத்தகக் கதை. பிழைத்த ஒரே ஒருவர், ஈனுமா சதாகிச்சி, பின்னாளில் சொல்லிவைத்த குறிப்பு வேறு மாதிரி. கோட்டை நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பிப் போவதா, எதிரிமேல் பாய்வதா என்று விவாதித்தார்கள். பிடிபட்டால் வரும் அவமானத்துக்குப் பதிலாகச் சாவைத் தேர்ந்தார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் தாங்க முடியாததாக இருக்கிறது. கண் ஏமாற்றியிருந்தால் அது விதி. தெரிந்தே செய்தார்கள் என்றால், அந்தக் கைகளில் வாளை மட்டும் கொடுத்து, உயிரோடு திரும்பி வா என்ற ஒரு சொல்லை யாரும் கொடுக்கவில்லை என்று ஆகிறது.

ஈனுமாவை, மகனைத் தேடிக்கொண்டு வந்த ஒரு பெண் காப்பாற்றினார். அவர் தந்தித் துறையில் சேர்ந்து பொறியாளர் ஆனார். சீனாவுடன் நடந்த போரின்போது கொரியாவில் தந்திக் கம்பி போட அனுப்பினார்கள். கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சொன்னபோது, தான் ஈமோரி மலையில் ஏற்கெனவே இறந்தவன் என்று மறுத்தாராம். 1931-இல் செண்டாயில் இறந்தார். 1957-இல்தான் அவருக்கும் இந்த மலையில் நடுகல் வைத்தார்கள். தோழர்களின் வரிசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

கல்லறைகளுக்கு முன்னால் ஊதுபத்தி விற்கிறார்கள், நாங்களும் ஏற்றினோம். பக்கத்தில் உச்சியில் வெண்கலக் கழுகோடு ஒரு ரோமானியத் தூண். 1928-இல் முசோலினியின் இத்தாலி அனுப்பிய பரிசு. 1935-இல் ஜெர்மானியத் தூதரக அதிகாரி ஒருவர் வைத்த கல்லும் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் சாவு யாருக்கெல்லாம் பிடித்திருக்கிறது பாருங்கள். உயிரோடு இருந்தபோது அரச விரோதிகள். நாட்டுக்காகப் போரில் இறந்தவர்களை வணங்கும் யாசுகுனி ஆலயத்தில் இன்றுவரை அவர்களுக்கு இடமில்லை. ஆனால் நாட்டுக்காகச் சாகத் தயங்காத பிள்ளைகள் தேவைப்பட்ட காலத்தில், அதே நாடு இவர்களைப் பள்ளிப் பாடமாக்கிக்கொண்டது. அந்தத் தூணின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இறங்கும் வழியில் சசாயேதோ. 1796-இல் மரத்தால் கட்டிய அறுகோணக் கோயில், 16.5 மீட்டர் உயரம். ஏறும் சாய்தளமும் இறங்கும் சாய்தளமும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போகின்றன. ஏறுகிறவர் இறங்குகிறவரைச் சந்திப்பதே இல்லை. கட்டடக்கலைப் பிரியர்கள் இதற்காக மட்டுமே ஐஸுவுக்கு வரலாம்.

வெள்ளி – பெண்கள்

மசயுகியின் 15 விதிகளில் நான்காவது: பெண்களின் சொல்லை ஒருபோதும் கேட்காதே.

அமைச்சர் சைகோ தனோமோவின் மாளிகையை 38 அறைகளோடு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பிரபு வந்தால் மட்டும் பயன்படும் அறை, பிரபுவின் மலத்தைப் பார்த்து உடல்நிலை அறிய மணல் தட்டு வைத்த கழிப்பறை, எல்லாம் உண்டு. நடக்க நடக்க, தளர்த்தியில்லாத வாழ்க்கை என்று தோன்றியது. யார் எந்த வாசலில் நுழையலாம், எந்தப் பாயில் உட்காரலாம் என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

போர் வேண்டாம் என்று முதலிலிருந்து சொன்னவர் தனோமோ. எதிரி ஊருக்குள் நுழைந்த அக்டோபர் 8 அன்று, இந்தக் குடும்பத்தில் அவருடைய தாய், மனைவி சியெகோ, தங்கைகள், ஐந்து மகள்கள், உறவினர் என்று 21 பேர் உயிரை விட்டார்கள். கடைசி மகளுக்கு இரண்டு வயது. கோட்டைக்குள் போனால் சோற்றுக்குப் பாரம், வெளியே நின்றால் எதிரியிடம் சிக்குவோம் என்ற கணக்கு. சியெகோ விட்டுச்சென்ற கவிதை: காற்றுக்கு வளைந்து கொடுக்கும் இளமூங்கில்தான் நான், ஆனாலும் வளையாத கணு அதற்கும் உண்டென்று கேட்டிருக்கிறேன். ஸென்ரியூஜி கோயிலில் இந்தக் கவிதையின் பெயரில் ஒரு கல் இருக்கிறது. அந்தப் போரில் மடிந்த 200-க்கும் மேற்பட்ட ஐஸு பெண்களுக்கானது.

கவிதை அழகு. இரண்டு வயதுக் குழந்தை கவிதை எழுதவில்லை.

எல்லாப் பெண்களும் அப்படிப் போகவில்லை. நகானோ தகெகோ நகினாதா என்ற நீண்ட பிடியுள்ள வளைவாள் ஏந்திப் பெண்களோடு களத்துக்குப் போய், குண்டடி பட்டு விழுந்தார். தலை எதிரிக்குப் போகாமல் தங்கை அதை வெட்டி எடுத்துச் சென்றாள். யமமோட்டோ யாயெ தலைமுடியை வெட்டிக்கொண்டு ஸ்பென்சர் துப்பாக்கியோடு கோட்டைக்குள் போய்ச் சுட்டார். சரணடைந்த பிறகும் வாழ்ந்தார். கியோட்டோவில் தோஷிஷா கல்விக்கூடத்தை நிறுவிய நீஜிமா ஜோவை மணந்தார், செவிலியர் பணி செய்தார், 1932-இல்தான் இறந்தார். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

மாலையில் கொசுயு சாப்பிட்டோம். உலர்ந்த சிப்பிச் சதையின் ரசத்தில் சேப்பங்கிழங்கு, காரட், காளான் வேகவைத்தது. கடல் இல்லாத ஊர். நீகாதா துறைமுகத்தில் இறங்கிய உலர்ந்த பொருள்தான் மலை ஏறி வந்தது. சின்ன அரக்குக் கிண்ணத்தில் தருகிறார்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

சனி – ஓவுச்சி ஜுகு, பிறகு வயல்காரர்கள்

ஐஸு ரயில்பாதையில் யுனோகாமி ஒன்சென் வரை போய், பஸ் பிடித்து ஓவுச்சி ஜுகு. கூரை வேய்ந்த வீடுகள் தெருவின் இருபுறமும் வரிசையாக நிற்கும் பழைய சத்திர ஊர். 1635 முதல் பிரபுக்கள் எடோவிலும் சொந்த ஊரிலும் மாறி மாறி வாழவேண்டும் என்று ஷோகுன் அரசு கட்டாயமாக்கியது; மனைவி மக்கள் எடோவிலேயே பிணை. ஆரம்ப காலத்தில் ஐஸு பிரபுவின் ஊர்வலம் இந்தத் தெரு வழியாகத்தான் போயிற்று. அரிசி மூட்டையோடு குதிரைகளும் போயின. முழு வெங்காயத்தாளைக் குச்சியாக வைத்துக்கொண்டு சாப்பிடும் சோபா நூடுல்ஸ் இங்கே பிரசித்தம். காரம் தலைக்கேறியது, ஆனால் அருமை.

அரிசி மூட்டைகளைச் சுமந்தவர்களைப் பற்றி இந்த வாரம் முழுக்க ஒரு அருங்காட்சியகத்திலும் அதிகம் பார்க்கவில்லை. கோட்டை சரணடைந்து சில நாட்களில் ஐஸு விவசாயிகள் எழுந்தார்கள். கிராமம் கிராமமாக ஊர்த்தலைவர்களின் வீட்டுக்குள் புகுந்து, நிலக் கணக்கையும் கடன் பத்திரங்களையும் எரித்தார்கள். 'யாயா' கிளர்ச்சி என்று பெயர். ஐஸுவைத் தாக்கிய படையை நடத்தியவர்களில் ஒருவரான தோசா நாட்டின் இதகாகி தாய்சுகே, தங்கள் பிரபுவோடு சாகச் சாமுராய் தவிர வேறு யாரும் வரவில்லை என்பதைக் கண்டு அதிர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். மக்களுக்கு ஆட்சியில் பங்கில்லாத நாட்டை மக்கள் காக்க மாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்து, மக்கள் உரிமை இயக்கத்தை நடத்தினார். தட்டாத விதியும் வளையாத கணுவும் நூற்றுக்கு ஆறேழு பேரின் அறம். மற்றவர்கள் அந்த அறத்துக்கு அரிசி அளந்தார்கள்.

மசயுகியை இதனால் வெறுத்துவிட முடியவில்லை. பஞ்சத்துக்கென்று கிராமக் களஞ்சியம் வைத்தவர் அவர். 90 வயது தாண்டிய எல்லோருக்கும், குலம் பார்க்காமல், வாழ்நாள் அரிசி கொடுத்தவர். பிரபு இறந்தால் ஊழியர் உடன்சாகும் வழக்கத்தை 1661-இல் தன் நாட்டில் தடை செய்தவரும் அவரே. அவ்வளவு செய்தவர் முதல் வரியில் ஒரு விலக்கு வைத்திருந்தால் என்ன என்றுதான் மனம் கேட்கிறது.

தோற்றவர்களை 1870-இல் வடக்கே ஷிமோகிதா பக்கம் தோனாமி என்ற புது நாட்டுக்கு அனுப்பினார்கள். சுமார் 17,000 பேர். காகிதத்தில் 30,000 கொகு. மண்ணில் அதில் கால்வாசிகூட விளையவில்லை. பசியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். இறந்த ஐஸு வீரர்களைப் புதைக்க வென்றவர்கள் விடவில்லை என்ற கதை ஊரில் தலைமுறையாக இருந்தது. 2016-இல் கிடைத்த ஓர் ஆவணம், சரணடைந்த சில நாட்களிலேயே 567 உடல்கள் 64 இடங்களில் புதைக்கப்பட்டதைக் காட்டியது. ஆனாலும் கசப்பு லேசில் போகிறதா? சோஷுவின் பழைய தலைநகர் ஹாகி 1986-இல், 120 வருஷம் ஆகிவிட்டதே, நட்பு நகரங்கள் ஆவோமா என்று கேட்டது. இன்னும் 120 வருஷம்தானே ஆகிறது என்று ஐஸு பதில் சொன்னது.

கதமோரி எதையும் விளக்காமல் 1893-இல் இறந்தார். எப்போதும் உடம்போடு வைத்திருந்த மூங்கில் குழலைத் திறந்தபோது, பேரரசர் கோமெய் அவருடைய ஊழியத்தைப் பாராட்டித் தன் கைப்பட எழுதிய கடிதம் இருந்தது. அரச விரோதி என்று ஊரே எரிக்கப்பட்டபோதும் அதை எடுத்துக் காட்டவில்லை. 1928-இல் அவருடைய பேத்தி செட்சுகோ, பேரரசரின் தம்பி இளவரசர் சிச்சிபுவை மணந்தபோது ஐஸுவில் கிழவர்கள் அழுதார்களாம்.

கடைசிக் காலத்தில் கதமோரி நிக்கோவில் தொகுகாவா வம்சத்தின் தோஷோகு ஆலயத்துக்குத் தலைமைப் பூசாரியாக இருந்தார். நாளை காலை ரயிலில் தெற்கே அங்கேதான் போகிறோம். நாளன்றைக்கு அங்கிருந்து எழுதுகிறேன்.